நீர்ம மருந்துகளும் பூச்சு மருந்துகளும்: நிலைபேறு பற்றிய ஒரு விளக்கம்

மருந்துப் போத்தலின் மேற்சீட்டிற் காணப்படும் “நன்கு குலுக்கிய பின் பாவிக்கவும்”, “குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்” என்னும் இரு கட்டளைகளும் பௌதிக, இரசாயன விதிகளின் சுருக்கங்களாகும். அதேவேளை, மருந்தை வைத்திருப்பவர் எத்தகைய வீட்டில் வாழ்கின்றார், எம்மொழியை வாசிக்கின்றார் என்பன பற்றிய எடுகோள்களும் அவற்றுள் உறைந்துள்ளன. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் ஆக்குவித்தார். அம்மரபுக்கு உரியோர் என்ற வகையில் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

நீர்ம மருந்துகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது கரைசல். இதில் மருந்து நீரிலோ வேறு கரைப்பானிலோ முற்றாகக் கரைந்திருக்கும். நாம் பாணி மருந்து எனக் கூறுவது பெரும்பாலும் இவ்வகையினது. நிறைப்படி ஏறத்தாழ 66.7 சதவீதம் சீனி கொண்ட பாகில் நுண்ணுயிர்கள் வளர இயலாது. அடர்ந்த பாகு அவற்றிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். எனினும் பகலிற் சூடேறி இரவிற் குளிரும் போத்தலின் கழுத்திற் படியும் நீர்த்துளிகள் மேற்பரப்புப் பாகை ஐதாக்குகின்றன. அவ்விடத்திலேயே பங்கசு முதலில் தோன்றுகின்றது.

இரண்டாவது தொங்கல். நீரிற் கரையாத மருந்துத் துணிக்கைகள் நீர்மத்திற் பரவி நிற்பதே இது. துணிக்கைகள் படியும் வேகத்தை ஸ்ரோக்கின் விதி விளக்குகின்றது. துணிக்கையின் விட்டம் பாதியானால் வேகம் காற்பங்காகும். நீர்மத்தின் பிசுக்குமை கூடினாலும் வேகம் குறையும். படிதல் தன்னளவிற் பெருங்குறையன்று. அடியிற் படிந்தவை குலுக்கினாலும் பிரியாத கட்டியாக இறுகுவதே ஆபத்தானது. அந்நிலையில் முதற் கரண்டிகளில் மருந்து குறைந்தும் இறுதிக் கரண்டிகளில் மிகுந்தும் செல்லும். நோயாளியான குழந்தைக்குத் தொடக்கத்திற் பயனும் இறுதியிற் பாதுகாப்பும் இல்லாது போகலாம்.

மூன்றாவது குழம்பு. எண்ணெயும் நீரும் ஒரு குழம்பாக்கியின் துணையால் ஒன்றனுள் மற்றொன்று சிறு துளிகளாய்ப் பரவி நிற்கும். துளிகள் மேலெழுந்து ஆடையாகத் திரள்வது முதற்கட்டம். குலுக்கினால் அது பழைய நிலைக்கு மீளும். துளிகள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணெய் தனியே பிரிந்துவிடின் மீட்சியில்லை. பூசும் கிறீம்களும் இவ்வகைக் குழம்புகளே. களிம்பில் நீர் இல்லையெனின் நுண்ணுயிர்ப் பயம் குறைவு. ஆயின் கொழுப்பு ஒட்சியேற்றம் அடைந்து காறலாம், வெப்பத்தால் உருகி எண்ணெய் கசியலாம்.

இவற்றோடு இரசாயனச் சிதைவும் உண்டு. அமொக்சிசிலின் நீரோடு சேர்ந்ததும் நீர்ப்பகுப்பால் மெல்லச் சிதையத் தொடங்கும். ஆதலின் அது தூளாகவே விற்கப்படுகின்றது. நீர் சேர்த்தபின் தயாரிப்புக்கேற்ப 7 முதல் 14 நாட்களுள் முடிக்க வேண்டியது. ‘ஜீவனி’ போன்ற உப்புத்தூளைக் கரைத்தால் 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது.

இவ்வறிவின் வித்துக்கள் நம் மரபில் இல்லாமலில்லை. சித்த மருத்துவம் சாறு, குடிநீர், கற்கம் ஆகியவற்றுக்கு ஒரு சாமமும், சூரணத்துக்கு மூன்று மாதமும், மணப்பாகு, நெய், இளகம் ஆகியவற்றுக்கு ஆறு மாதமும், எண்ணெய்க்கு ஓராண்டும் ஆயுள் வகுத்தது. நீர் மிகுந்தது விரைவிற் கெடும். நீர் அகன்றதும் இனிப்போ கொழுப்போ செறிந்ததும் நின்று பிடிக்கும் என்னும் அனுபவ உண்மை இவ்வரிசையிற் புலனாகின்றது. இது உழைப்பிலும் அவதானிப்பிலும் விளைந்த அறிவாகும். ஆயினும் பற்பத்துக்கு நூறாண்டு போன்ற கணக்குகளை இன்றைய சோதனைக்கு உட்படுத்தாது ஏற்றல் பொருந்தாது.

இனி, மருந்து வந்து சேரும் இடத்தை நோக்குவாம். மிதவெப்ப நாடுகளுக்கான நிலைபேற்றுச் சோதனை 25 பாகை செல்சியசிலும் 60 சதவீத ஈரப்பதனிலும் நிகழ்வது வழக்கம். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்கு வகுக்கப்பட்ட அளவு 30 பாகையும் 75 சதவீதமுமாகும். இரசாயனத் தாக்கங்கள் பல, வெப்பநிலை 10 பாகை உயரும்போது இரண்டு மூன்று மடங்கு விரைவுபடும். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27, 28 பாகை. ஆனால் சராசரியில் எவரும் வாழ்வதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றிற் குளிரூட்டிய அறையிலிருக்கும் போத்தலுக்கும், கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் தகரக் கூரையின் கீழ் அடுப்பங்கரைத் தட்டிலிருக்கும் போத்தலுக்கும் மேற்சீட்டிலுள்ள காலாவதித் திகதி ஒன்றே. உண்மை ஆயுளோ வேறு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, குளிர்சாதனப் பெட்டி உடையோருங்கூட இவ்வுண்மையை உணர நேர்ந்தது. ‘அறை வெப்பநிலை’ என்னுந் தொடர் எவருடைய அறை என்ற வினாவை மறைத்து நிற்கின்றது.

மருந்தின் வடிவமும் பொருளாதாரத்துக்கு அப்பாற்பட்டதன்று. பாணி மருந்தை இறக்குமதி செய்யும் நாடு பெருமளவு நீரையும் சீனியையும் கண்ணாடியையும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குகின்றது. இத்தகைய வினாக்களை நாட்டின் கொள்கையாக்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே. இடதுசாரி மருத்துவரான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் சமர்ப்பித்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மூலப்பெயர்கள், தேவைக்கேற்பச் சுருக்கிய மருந்துப் பட்டியல், மொத்தக் கொள்வனவு என்பன அதன் அடிப்படைகள். 1977இன் ஆட்சிமாற்றத்தையடுத்துத் தனியார் இறக்குமதிக்கு வழி மீண்டும் திறந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கயானாவிற் பிபிலே காலமானார். பட்டியல் சுருங்கும்போது தரச்சோதனை எளிதாகும். பெயர்கள் பெருகும்போது சோதனைக்கூடம் பின்தங்கும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை உருவாக்கியது. ஆயினும் 2023இல் நுவரெலியாவிற் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குட்பட்ட நோயாளர் சிலர், இறக்குமதியான கண்துளி மருந்தொன்றினாற் பாதிக்கப்பட்டனர். பிரெட்னிசொலோன் தொங்கல் அது. சட்டம் இருத்தல் ஒன்று. அதனைச் செயற்படுத்தும் ஆளணியும் ஆய்வுகூடமும் இருத்தல் வேறொன்று.

இறுதியாக மொழி. மருந்து கலந்த திகதி, கைவிட வேண்டிய திகதி, குலுக்கவேண்டிய முறை ஆகியன பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சாகின்றன. நாளுக்கு நாள் உழைத்துண்ணும் தாயொருத்தி எஞ்சிய அரைப்போத்தலை அடுத்த காய்ச்சலுக்கென எடுத்துவைப்பது அறியாமையாற் மட்டுமன்று. விலையும் அதற்குக் காரணம். ஆகவே மருந்தகங்கள் இவ்விபரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொடுத்தல், குழந்தைகளுக்கான அளவைக் குறித்த நாட்களுக்கு மட்டும் வழங்குதல் ஆகிய இரண்டும் சேர்ந்தே கோரப்படல் வேண்டும். அறிவியற்றமிழ் என்பது கலைச்சொற் பட்டியலோடு நின்றுவிடுமாயின் அது பல்கலைக்கழகத்துள் அடங்கிவிடும். அந்தப் போத்தலின் மேற்சீட்டை அடையும்போதே அது மக்களின் உடைமையாகும்.