ஆசியா பீபிக்காகப் பேசியவர்கள்

பாகிஸ்தானில் தாதியராக வேலைசெய்பவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் அதிகம். தெய்வநிந்தனை என்ற குற்றச்சாட்டு வேலைத்தலத்தில் ஒரு சின்ன வாக்குவாதத்திலிருந்தும் கிளம்பலாம். தாதியராகிய எங்களுக்கு இது நெஞ்சில் தைக்கிறது.

2009இல் பஞ்சாப் மாகாணத்தில் பழத்தோட்டக் கூலியான ஆசியா பீபி கொண்டுவந்த தண்ணீரைக் கூடவேலைசெய்த பெண்கள் குடிக்க மறுத்தார்கள். அந்தச் சச்சரவு, நபியை நிந்தித்தார் என்ற வழக்காகி, மரணதண்டனையில் முடிந்தது. 2018 ஒக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அடுத்த வருடம் நம்முடைய கனடாவுக்கே வந்தார்.

அவருக்காகப் பேசி 2011 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்ட கிறிஸ்தவ அமைச்சர் ஷாபாஸ் பட்டியை நம்மில் பலர் அறிவோம். இரண்டு மாதம் முந்தியே அதே காரணத்துக்காகச் சொந்த மெய்க்காவலனால் கொல்லப்பட்ட ஆளுநர் சல்மான் தசீர் ஒரு முஸ்லிம். உயிராபத்துக்கு நடுவே வழக்காடிய சட்டத்தரணி சைஃபுல் மலூக்கும் முஸ்லிம்தான். விடுவித்த நீதியரசர்களும் அப்படியே. அஜக்ஸில் முஸ்லிம் நண்பர்களோடு படிக்கும் வாலிபரே, இதை மறவாதிருங்கள்.

2023 ஆகஸ்ட் 16இல் ஜரன்வாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் தாக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களுக்காகவும், இதே சட்டத்தால் இன்னும் சிறையிலிருப்பவர்களுக்காகவும், அவர்களுக்காக வழக்காடும் முஸ்லிம் சட்டத்தரணிகளுக்காகவும் இந்த மாதம் ஜெபிப்போம்.