உங்களுக்குத் தெரியுமா? நாடு பிடிக்க ஒரு சாக்கு

● ஈ ஓட்டும் விசிறியால் விழுந்த ஒரு தட்டு, அல்ஜீரியாவை 132 வருஷம் அடிமையாக்கியது. 1790-களில் பிரெஞ்சுப் படைக்கு அல்ஜியர்ஸிலிருந்து கோதுமை கடனாகப் போனது. முப்பது வருஷமாகியும் பாக்கி தீரவில்லை. 1827-ல் ஆட்சியாளர் ஹுசைன் அதைப் பற்றிக் கேட்க, பிரெஞ்சுத் தூதர் பிடிகொடுக்காமல் பேச, கையிலிருந்த விசிறியால் ஒரு தட்டு தட்டிவிட்டார். போச்சு, பிரான்ஸின் மானம்! முதலில் துறைமுக முற்றுகை, 1830-ல் படையெடுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியது 1962-ல். கடன் வாங்கியவன், கொடுத்தவன் வீட்டை ஜப்தி செய்த கதை.

● 1839-ல் சீன அதிகாரி லின் ஸெசூ, பிரிட்டிஷ் வியாபாரிகளிடம் பறித்த சுமார் 20,000 பெட்டி அபினை உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அதில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்த சரக்கு. பிரிட்டன் சீனாமேல் போர் தொடுத்தது. அபின் விற்கத்தான் சண்டை என்று லண்டன் சொல்லுமா? ‘சுதந்திர வர்த்தகம்’ என்றது. போரைக் கண்டித்த தீர்மானம் நாடாளுமன்றத்தில் 9 ஓட்டில்தான் தோற்றது.

● உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு என்று 1885 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் முழங்கியவர் ஜூல் ஃபெரி. சொந்த நாட்டில் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிய அதே ஃபெரிதான். சரக்கு விற்கச் சந்தை வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்ல எழுந்தார் இன்னொரு உறுப்பினர் கிளெமான்சோ. 1870 போரில் நாம் தோற்றது நாம் தாழ்ந்த இனம் என்பதால்தான் என ஜெர்மன் அறிஞர்கள் ‘விஞ்ஞானபூர்வமாக’ நிரூபித்திருக்கிறார்களே, அதைக் கேட்டதிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை என்ற பொருளில் ஒரு போடு போட்டார். 1906-ல் அவரே பிரதமரானார். குடியேற்ற நாடு எதையும் விட்டுவிடவில்லை.

● ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச 1884-ல் பெர்லினில் 14 நாடுகள் கூடின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அடிமை வியாபாரத்தை ஒழிப்போம், பூர்வகுடிகளின் நலம் காப்போம் என்று ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கைக்குப் போனது. பெல்ஜியத்துக்கு அல்ல, அவருக்கு! அவரோ கடைசிவரை அங்கே காலே வைக்கவில்லை. டயருக்காக ரப்பர் கிராக்கி ஏறிய காலம் அது. ரப்பர் குறைந்த கிராமத்துக்குச் சிப்பாய் போவான். தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று கணக்குக் காட்ட, வெட்டிய கைகளைக் கூடையில் கொண்டுவருவான். இந்தக் கூத்தை மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர், எட்மண்ட் மொரெல் என்ற கப்பல் கம்பெனி குமாஸ்தா. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ரப்பரும் தந்தமும் வந்து இறங்குகின்றன. திரும்பும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் ஏறுகின்றன. அப்படியானால் ரப்பர் எடுத்தவனுக்குக் கூலி எங்கே? சரக்குக் கணக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. 1908-ல் காங்கோ மன்னர் கையைவிட்டுப் போனது.

● ‘வெள்ளையரின் சுமை’ என்ற கிப்ளிங்கின் 1899 கவிதை இந்தியாவைப் பற்றியதல்ல. பிலிப்பைன்ஸைப் பிடித்த அமெரிக்காவுக்கு அவர் சொன்ன அறிவுரை. கிப்ளிங் பிறந்தது என்னவோ பம்பாயில்.

● சுமை என்றதும் மெக்காலே ஞாபகம் வருகிறார். சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்று ஒப்புக்கொண்டே, இந்திய, அரபு இலக்கியம் முழுவதும் ஐரோப்பிய நூலகத்தின் ஒரு அலமாரித் தட்டுக்கு ஈடாகாது என்று 1835-ல் குறிப்பு எழுதியவர். அதற்கு முந்தைய வருஷம் மெட்ராஸில் கப்பலிறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபுவைப் பார்க்கக் கிளம்பினார். சுமார் 400 மைல், பல்லக்கில், ஆள் மாற்றி ஆள் தோள் கொடுக்க.