பந்தைத் தொடாதவருக்கு முதல் மரியாதை!

குழந்தைகளே, 'லைன்மேன்' என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? மின்கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியைச் சரிசெய்பவர்தானே! அமெரிக்காவில் கால்பந்து மைதானத்திலும் லைன்மேன் உண்டு. மலை போல நிற்பார். பந்தை வீச மாட்டார், பிடிக்க மாட்டார், பந்தோடு ஓடவும் மாட்டார். ஆனாலும் நல்ல லைன்மேன் ஒருவர் கிடைப்பாரா என்று அங்குள்ள 32 பெரிய அணிகளும் கல்லூரி கல்லூரியாக ஆள் அனுப்பித் தேடுகின்றன. ஏன் தெரியுமா?

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து இரு முனையிலும் கூர்மையாக இருக்கும். பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 கெஜம், அதாவது சுமார் 9 மீட்டர் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். இப்படியே போய் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளிகள்.

இந்த அணியின் மூளை 'குவார்ட்டர்பேக்' எனப்படும் வீரர். பந்தை வாங்கி, யார் எங்கே ஓடுகிறார் என்று பார்த்து, சரியான ஆளுக்கு வீச வேண்டியவர் அவர்தான். அதற்கு அவருக்குக் கிடைப்பது சுமார் மூன்று விநாடி! அதற்குள் எதிரணி முரடர்கள் அவரைக் கீழே தள்ளப் பாய்ந்து வருவார்கள். அவர்களை மறித்து நிற்பவர்களே ஐந்து லைன்மேன்கள். நடுவில் நிற்பவர் 'சென்டர்'. பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் இவர். அவருக்கு இருபுறமும் இரண்டு 'கார்டு'கள். இரு ஓரங்களிலும் இரண்டு 'டேக்கிள்'கள்.

முதுகைக் காப்பவர்

ஐவரில் இடது ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. வலது கையால் பந்தை வீசுபவர், வீசத் தயாராகும்போது உடலை வலப்பக்கம் திருப்பி நிற்பார். அப்போது இடப்பக்கம் அவருக்கு முதுகுப் பக்கம் ஆகிவிடும். அங்கிருந்து யார் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

1985-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று நடந்ததைக் கேளுங்கள். வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் பந்தை வீச இடம் தேடிக்கொண்டிருந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வந்து அவரைச் சாய்த்தார். தைஸ்மனின் வலது கால் எலும்பு முறிந்தது. அதைக் கண்டு பதறியவர் டெய்லர்தான். உதவிக்கு வரும்படி மைதானத்துக்கு வெளியே இருந்தவர்களை நோக்கிக் கைகளை ஆட்டி அழைத்தார். தைஸ்மன் அதன் பிறகு ஆடவே இல்லை. தொலைக்காட்சியில் நாடே பார்த்த காட்சி அது. குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவரின் மதிப்பு பலருக்கும் புரியத் தொடங்கியது.

கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் வீரர்களை, 'என்.எஃப்.எல்.' என்ற தொழில்முறை லீக்கைச் சேர்ந்த அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் பங்கிட்டுக்கொள்ளும். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஐ.பி.எல். ஏலம் போல இங்கே அதிகப் பணம் கேட்பவருக்கு வீரர் கிடைப்பதில்லை. முந்தைய ஆண்டில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு! கோப்பையை வென்ற அணிக்கு முதல் சுற்றில் கடைசி வாய்ப்பு. பணக்கார அணிகளே எப்போதும் ஜெயிக்கக் கூடாது என்பதற்காக, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. முதல் டிராஃப்ட் 1936-இல் நடந்தது. இப்போது ஏழு சுற்றுகள் நடக்கின்றன.

முதல் சுற்றில் ஓர் அணிக்கு வழக்கமாக ஒரே ஒரு வாய்ப்புதான். தவறான ஆளை எடுத்துவிட்டால் பல ஆண்டுகள் அவதிப்பட வேண்டும். பந்தைப் பிடிப்பவரைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு எளிது. எத்தனை பந்து பிடித்தார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று கணக்கு இருக்கிறது. லைன்மேனுக்கு அப்படி என்ன கணக்கு இருக்கிறது? அவர் ஒழுங்காக வேலை செய்தால் எதுவுமே நடக்காது! நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது?

நாடாவும் தராசும்

அதனால் அளந்து பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் இதற்கென்றே ஒரு முகாம் நடக்கும். உயரம், எடை பார்ப்பார்கள். 40 கெஜ தூரம், அதாவது 36 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் ஓடச் சொல்வார்கள். சுமார் 102 கிலோ எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்க முடியும் என்று எண்ணுவார்கள். கையின் நீளத்தைக்கூட நாடா வைத்து அளப்பார்கள். பாய்ந்து வருபவரின் மார்பில் யார் கை முதலில் படுகிறதோ, அவருக்கே பிடி கிடைக்கும். அதனால் நீண்ட கைக்கு மதிப்பு அதிகம். ஓரத்தில் நிற்பவருக்கு 34 அங்குல நீளக் கை வேண்டும் என்று எதிர்பார்க்கும் அணிகள் உண்டு.

ஆனால் நாடாவும் தராசும் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

1989-இல் டோனி மாண்டரிச் என்ற லைன்மேனைப் பற்றித்தான் அமெரிக்கா முழுவதும் பேச்சு. 136 கிலோவுக்கு மேல் எடை. ஆனாலும் மான் போல ஓடினார். இப்படி ஒரு லைன்மேன் வந்ததே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ் மூவரும் பிற்காலத்தில் 'புகழ் மாளிகை'யில் இடம்பெற்ற மேதைகள். மாண்டரிச்சோ அந்த அணிக்கு மூன்று பருவங்கள் மட்டுமே ஆடினார். எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. கல்லூரி நாட்களில் உடலைப் பெருக்க ஊக்கமருந்து பயன்படுத்தியதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, 1996 முதல் இண்டியானாபொலிஸ் அணிக்காக மீண்டும் மூன்று பருவங்கள் ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு கதை இதற்கு நேர்மாறானது. ஜோ தாமஸ் என்பவரின் கை 33 அங்குலத்துக்கும் குறைவு. ஆனால் கல்லூரியில் அவர் ஆடிய ஆட்டத்தை மதித்து, 2007-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. தேர்வு விழாவுக்கு வரும்படி அழைப்பு வந்தும் அவர் போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார்! அணியில் சேர்ந்த முதல் நாள் தொடங்கி 2017 வரை, தொடர்ந்து 10,363 முறை, ஒருமுறைகூட விடாமல் களத்தில் நின்றார். கை குட்டை, கடமை நீளம்!

தள்ளிவிட்டதால் தேர்வானவர்

சின்சினாட்டி பெங்கால்ஸ் என்று ஓர் அணி. நம் வங்கப் புலியின் பெயர்தான் அது! 1980-இல் இந்த அணி ஆந்தனி முனோஸ் என்ற மாணவரைத் தேர்ந்தெடுக்க நினைத்தது. ஆனால் கல்லூரிக் காலத்திலேயே அவருடைய முழங்காலில் மூன்று அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. கடைசி ஆண்டில் முதல் ஆட்டத்திலேயே காயம். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குத்தான் மறுபடி வந்தார். இப்படிப்பட்டவரை நம்பலாமா?

அணியின் பயிற்சியாளர் ஃபாரஸ்ட் கிரெக் ஒரு காலத்தில் தாமே பெரிய லைன்மேனாக இருந்தவர். நேரில் போய்ச் சோதித்தார். எதிரணிக்காரர் போலத் தாமே முனோஸை நோக்கிப் பாய்ந்தார். முனோஸ் இரு கைகளையும் நீட்டி ஒரு தள்ளு! பயிற்சியாளர் மல்லாந்து விழுந்தார். முனோஸ் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். கிரெக்கோ சிரித்துக்கொண்டே எழுந்தார். அவருக்கு விடை கிடைத்துவிட்டது!

மூன்றாவது ஆளாகத் தேர்வான முனோஸ், தன் வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் அமைத்துக்கொண்டார். தினமும் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடினார். முதல் 12 பருவங்களில் காயத்தால் அவர் ஆடாத ஆட்டங்கள் மூன்றே மூன்று. 1998-இல் புகழ் மாளிகையில் இடம்பெற்றார்.

நீங்கள் என்றால்...?

அதே பெங்கால்ஸ் அணிக்கு 2021-இல் ஒரு பெரிய சிக்கல். அவர்களுடைய இளம் குவார்ட்டர்பேக் ஜோ பரோ, முந்தைய நவம்பரில்தான் எதிரணியினர் மோதியதில் முழங்காலில் பலத்த காயம் அடைந்திருந்தார். ஐந்தாவது வாய்ப்பு வந்தபோது இரண்டு பெயர்கள் முன்னால் நின்றன. ஒருவர் பெனே சூவல். அந்த ஆண்டின் மிகச் சிறந்த லைன்மேன் எனப் பேசப்பட்டவர். மற்றவர் ஜமார் சேஸ். பந்தைப் பிடிப்பதில் வல்லவர். கல்லூரியில் பரோவின் அணித் தோழர்.

அடிபட்டவருக்குக் காவலா? அவர் வீசும் பந்தைப் பிடிக்க ஓர் ஆளா? ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அணி சேஸைத் தேர்ந்தெடுத்தது. ஏழாவது வாய்ப்பில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி சூவலை எடுத்தது.

என்ன ஆயிற்று? சேஸ் அமர்க்களமாக ஆடினார். பெங்கால்ஸ் அணி 2022 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான 'சூப்பர் பௌல்' வரை போய்விட்டது! ஆனால் லீக் ஆட்டங்களில் மட்டும் பரோ 51 முறை கீழே தள்ளப்பட்டிருந்தார். இறுதிப் போட்டியில் மேலும் 7 முறை. கடைசி முயற்சியில் எதிரணியின் ஆரன் டொனால்ட் அவரைப் பிடித்துச் சுழற்ற, அவர் எறிந்த பந்து யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தது. 23-20 என்ற கணக்கில், மூன்றே புள்ளிகளில் கோப்பை கைநழுவியது.

சூவல் போன லயன்ஸ் அணியோ, 2024 ஜனவரியில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக இறுதிக்கட்டச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்றது.

சேஸை எடுத்தது தவறு என்று சொல்ல முடியுமா? அவர் இல்லாவிட்டால் இறுதிப் போட்டிக்கே போயிருக்க மாட்டார்களோ, என்னவோ! நீங்கள் என்றால் யாரை எடுத்திருப்பீர்கள்? நண்பர்களோடு வாதாடிப் பாருங்கள்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் வந்தால், பந்து பறக்கும் திசையை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். முன்னால் குனிந்து நிற்கும் அந்த ஐந்து பேரை மட்டும் பாருங்கள். குவார்ட்டர்பேக் நிதானமாக நின்று பந்தை வீசுகிறாரா? அப்படியென்றால் ஐவரும் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள் என்று பொருள்!

தெரியுமா?

* 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர் ஜே பெர்வாங்கர். ஆனால் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார்!

* ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிய ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே 2018-இல் 233-ஆவது ஆளாகத் தேர்வானார். 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்ற பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் இடது ஓரக் காவலர் அவர்தான்.

* நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், லைன்மேனும் பந்தைப் பிடிக்கலாம். 2022 டிசம்பரில் மினசோட்டா அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பெனே சூவல் அப்படிப் பந்தைப் பிடித்து, தன் அணியின் வெற்றியை உறுதி செய்தார்!