ஸ்கைவாக்கர் கதை: விட்ட குறையும் தொட்ட குறையும்

1977இல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிவைத்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் ஒன்பதாவது படம் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்'. 2019 டிசம்பரில் வெளியான இப்படத்தோடு ஸ்கைவாக்கர் குடும்பத்தின் தலைமுறைக் கதை முடிவுக்கு வந்தது. உலகெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலும் ஆனது. ஆனாலும் அந்த வரிசையை உயிராய் நேசித்த பலர், ஒரே படத்தில் கண் கலங்கியும் மனம் கசந்தும் அரங்கை விட்டு வெளியேறினார்கள். படத்தை வெறுத்தவர்களின் கோபம் எளிதில் விளங்கிவிடும். காட்சிகளை ரசித்தும் கதையை ஒப்புக்கொள்ள முடியாதவர்களின் சங்கடம்தான் கவனிக்கத்தக்கது.

அதன் வேர் 2012இல் இருக்கிறது. அந்த ஆண்டு டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த மூன்று படங்களுக்காக லூகாஸ் எழுதித் தந்த கதைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. ஏழாவது படத்தை ஜே.ஜே. ஏப்ராம்ஸும் எட்டாவதை ரயன் ஜான்சனும் இயக்கினர். ஒன்பதாவதை இயக்கவிருந்த காலின் ட்ரெவாரோ 2017 செப்டம்பரில் விலக, ஏப்ராம்ஸ் மீண்டும் அழைக்கப்பட்டார். மூன்று படங்களையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மனதில் வைத்திருந்தவர் என்று யாரையும் சுட்ட முடியவில்லை.

இதன் விளைவு நாயகி ரேயின் பிறப்பில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஜான்சனின் 'தி லாஸ்ட் ஜெடாய்' (2017) அவளுடைய பெற்றோர் பேரில்லாத சாதாரண மனிதர்கள் என்றது. அதன் கடைசிக் காட்சியில் குதிரை லாயம் போன்றதோர் இடத்தில் வேலை செய்யும் சிறுவன், துடைப்பத்தைத் தொடாமலே தன் கைக்கு வரவழைக்கிறான். 'ஃபோர்ஸ்' எனும் ஆற்றல் எந்தக் குடிசையிலும் பிறக்கலாம் என்பது அதன் பொருள். இரண்டே ஆண்டுகளில் வந்த அடுத்த படமோ ரேயைப் பேரரசர் பால்பட்டீனின் பேத்தி ஆக்கியது. முந்தைய படத்தில், முதல் படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் அலட்சியமாகத் தோளுக்குப் பின்னால் வீசியெறிந்த ஒளிவாளுக்கும் இதில் பதில் உண்டு: ரே எறியும் வாளை லூக்கின் ஆவி பிடித்து, ஜெடாய் வீரனின் ஆயுதத்துக்கு மரியாதை வேண்டும் என்று கண்டிக்கிறது. 'லாஸ்ட் ஜெடாய்' பிடிக்காதவர்கள் இங்கே கைதட்டினார்கள். பிடித்தவர்களுக்கு, ஒரு படம் தன் அண்ணன் படத்தைச் சபையில் வைத்துத் திட்டுவது போல் இருந்தது. அந்தப் படத்தில் முக்கியப் பாத்திரமாக வந்த ரோஸ் டிக்கோ, இதில் ஏறக்குறைய கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டாள்.

பால்பட்டீனின் மறுவருகை இன்னும் பெரிய பிழை. 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' படத்தில், டார்த் வேடர் தன் மகன் லூக்கைக் காக்கப் பேரரசரைத் தூக்கி ஆழத்தில் எறிந்து, தானும் உயிர்விடுகிறான். முதல் ஆறு படங்களின் எடை முழுவதையும் தாங்குவது அந்த ஒரு செயல். பேரரசர் பிழைத்தார் என்றால் அந்தத் தியாகம் பாதி வீண். அவர் எப்படிப் பிழைத்தார் என்பதற்குப் படத்தில் இருப்பது போகிறபோக்கில் சொல்லப்படும் ஓரிரு வரி விளக்கம். அவர் அண்டமெங்கும் விடுத்த அறைகூவலையோ, படம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு 'ஃபோர்ட்நைட்' வீடியோ விளையாட்டில் ஒலிபரப்பினார்கள். படத்தில் அது கேட்பதே இல்லை.

இத்தனைக்கும் பிறகு ரசிகர் நெகிழ்வது எதற்காக? கதைக்காக அல்ல, நாற்பதாண்டு நினைவைத் தொடும் இடங்களுக்காக. 1977 படத்தின் முடிவில் லூக்குக்கும் ஹான் சோலோவுக்கும் பதக்கம் கிடைத்தது. கூடவே போராடிய சூபக்காவுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் பற்றி ரசிகர்கள் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் படத்தின் முடிவில் அவனிடம் ஒரு பதக்கம் வந்து சேர்கிறது. கதைக்கு அது அவசியமே இல்லை. ஆனால் காத்திருந்தவர்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. தன் தந்தை ஹானைக் கொன்ற கைலோ ரென், நினைவில் தோன்றும் அதே தந்தையிடம் மனம் திரும்பும் காட்சியை ஆடம் டிரைவரும் ஹாரிசன் ஃபோர்டும் அடக்கிவாசித்து உயர்த்திவிடுகிறார்கள். ஒன்பது படங்களுக்கும் இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் ஒரு கணம் திரையில் முகம் காட்டுகிறார்.

லூக்கின் சகோதரி லேயாவின் பகுதியில்தான் நெகிழ்வும் குறையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஏழாவது படம் ஹானுக்கு, எட்டாவது லூக்குக்கு, ஒன்பதாவது லேயாவுக்கு என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் காலமானார். கணினியில் முழுமையாக உருவாக்காமல், ஏழாவது படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட காட்சித்துண்டுகளை வைத்து அவருடைய பாத்திரத்தை அமைத்தார்கள். அவர் என்றோ பேசிய வரிகளுக்குப் பொருந்தும்படி மற்றவர்களின் வசனங்கள் எழுதப்பட்டன. அதனால் லேயாவின் பேச்சு பொதுவாக, எதையும் நேராகத் தொடாமல் ஒலிக்கிறது. அதைக் குறை சொல்லவும் பலருக்கு மனம் வருவதில்லை.

இந்த வரிசையில் தீர்ப்புகள் நிலைத்து நிற்பதும் அரிது. 1999 முதல் 2005 வரை வந்த மூன்று படங்களைப் பழைய ரசிகர்கள் கேலி செய்தார்கள். அவற்றைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று அவற்றைக் கொண்டாடுகிறார்கள். பால்பட்டீன் எப்படி மீண்டார் என்ற ஓட்டையை அடைக்கும் வேலையும் தொடர்ந்தது: 'தி மேண்டலோரியன்', 'தி பேட் பேட்ச்' ஆகிய தொடர்களில் மரபணு நகலாக்க ஆய்வுகள் கதைக்குள் நுழைந்தன. ரேயின் பிற்காலத்தைச் சொல்லும் படம் ஒன்றையும் 2023இல் லூகாஸ்ஃபிலிம் அறிவித்தது.