வாயைக் கறுப்பாக்கும் பூச்செடி

மாணவர்களே, சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்ட ஓரங்களில் ஊதாப் பூப்பூக்கும் புதர்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் செண்டுடுக். நமக்கு வசந்தகாலம் இல்லை. இது ஆண்டு முழுவதும் பூக்கும்.

லின்னேயஸ் 1753இல் இதற்கு வெளியிட்ட பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிக்கம். கிரேக்கத்தில் ‘மெலஸ்’ கறுப்பு, ‘ஸ்டோமா’ வாய். பழம் தின்றவர் நாக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஒரு பூவைப் பறித்து எண்ணுங்கள். மகரந்தத்தாள்கள் பத்து: குட்டையான மஞ்சள் ஐந்து, நீண்டு வளைந்த ஊதா ஐந்து. பெரிய கருந்தேனீ மஞ்சள் தாள்களைப் பற்றிக்கொண்டு ‘உர்ர்’ என்று அதிரும். மகரந்தப்பையின் நுனித்துளை வழியே தூள் கொட்டும். மஞ்சள் அதற்கு உணவு. அதே நேரத்தில் ஊதாத் தாள்கள் அதன் உடலில் பூசும் தூள்தான் அடுத்த பூவுக்குப் போகும்.

இலையில் அடியிலிருந்து நுனிவரை தண்டவாளம்போல் நரம்புகள் ஓடும். இது குடும்ப அடையாளம். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய கிளிடெமியாவுக்கும் அதே நரம்புகள்தான்! குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. கிளிடெமியாவின் பூ சிறியது, வெள்ளை.

பள்ளிக் கோத்தோங் ரோயோங்கில் இரண்டையும் ‘லாலாங்கோடு’ சேர்த்து வெட்டிவிடுகிறோம். பூ இல்லாவிட்டால் பழத்தைப் பாருங்கள் (தெரியாத பழத்தைத் தின்று பார்க்காதீர்கள்!). முற்றியதும் வெடித்துக் கருஞ்சதையைக் காட்டினால் அது நம் செண்டுடுக். அதை விட்டுவிடுங்கள். உருண்டையாக, வெடிக்காமல் இருந்தால் கிளிடெமியா, வேரோடு பிடுங்கலாம்.