நெருப்பு ஈன்ற தீவுகள்

நாம் நிற்கும் நிலம் என்றும் உள்ளது என்றே எண்ணுகிறோம். ஆயினும், நிலத்திற்கும் பிறப்பு உண்டு. வளர்ச்சியும் தேய்வும் உண்டு. ஆற்று நீர் சுமந்துவந்த வண்டலால் உருவான நிலத்தில் வாழும் நாம், கடலுக்கு அப்பால் நெருப்பு உருவாக்கிய நிலங்களையும் அறிந்துகொள்வது தேவையாகும்.

ஒரு கடல், இருவகை நிலங்கள்

தஞ்சை மாவட்டத்தின் கடலோர ஊரான அதிராம்பட்டினம், காவிரிப் படுகையின் தென்விளிம்பில், பாக் நீரிணையை ஒட்டி அமைந்துள்ளது. இங்குக் கடல் ஆழம் குறைந்தது. கரை சேறு நிறைந்தது. உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும் இக்கரையின் அடையாளங்கள். அருகிலுள்ள முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறும் கோரையாறும் தாம் கொணர்ந்த வண்டலைச் சேர்க்கின்றன. அவ்வண்டலை அலையாத்தி மரங்களின் வேர்கள் பற்றி நிறுத்துகின்றன. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாக, ஓசையின்றி, நிலம் வளர்ந்து வந்துள்ளது.

இக்கரையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 1,600 கி.மீ. தொலைவில், அந்தமான் கடலில் பாரன் தீவு உள்ளது. போர்ட் பிளேர் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவிலுள்ள இத்தீவே இந்தியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலையாகும். இதன் குறுக்களவு ஏறத்தாழ 3 கி.மீ.; கடல்மட்டத்திற்கு மேல் இதன் உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். ஆனால், கடலடியிலிருந்து அளந்தால் இம்மலை 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. நாம் தீவு என அழைப்பது, நீருக்குள் மறைந்துள்ள ஒரு பெருமலையின் உச்சியையே.

எரிமலை தோன்றும் முறை

புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. இந்தியத் தட்டு வடகிழக்காக நகர்ந்து, அந்தமானுக்கு மேற்கே பர்மியத் தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. இறங்கும் தட்டிலுள்ள பாறைகள் நீரையும் உடன் கொண்டு செல்கின்றன. ஆழத்தில் அந்நீர் வெளியேறி, மேலேயுள்ள வெப்பப் பாறைகளில் கலக்கும்போது அவற்றின் உருகுநிலை குறைகிறது. அதனால் பாறை உருகிக் குழம்பாகிறது. சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்த அக்குழம்பு மேல்நோக்கி எழுந்து, கடலடியைப் பிளந்து வெளிப்பட்டு, அடுக்கடுக்காக உறைந்து மலையாகிறது.

பாரன் தீவின் சீற்றம் 1787-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் அமைதியாயிருந்த எரிமலை, 1991-இல் மீண்டும் சீறியது. 2017-ஆம் ஆண்டு சனவரியில், கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இத்தீவு சாம்பல் உமிழ்வதை ஆய்வுக் கப்பலிலிருந்து கண்டனர். பகலில் சாம்பல் மேகமாகத் தெரிந்தது, இரவில் செந்நிறக் குழம்பின் ஊற்றாகத் தோன்றியது.

தொலைவில் நெருப்பு, கரையில் அலை

எரிமலைகளைத் தோற்றுவிக்கும் இத்தட்டு எல்லையே பெரும் நிலநடுக்கங்களையும் தோற்றுவிக்கிறது. 2004 திசம்பர் 26 அன்று சுமத்ராவை ஒட்டி இவ்வெல்லை அதிர்ந்தபோது எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. இலங்கைத் தீவின் மறைவிலிருந்த பாக் நீரிணைக் கரை ஒப்பளவில் குறைந்த இழப்போடு தப்பியது.

எரிமலையும் அலையை எழுப்பவல்லது. 1883 ஆகத்து 27 அன்று, சாவகத்திற்கும் சுமத்ராவிற்கும் இடையிலுள்ள கிரகதோவா தீவு வெடித்துச் சிதறியது. முப்பத்தாறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 4,800 கி.மீ. தொலைவிலுள்ள ரோட்ரிக்சு தீவிலும் அவ்வோசை கேட்டது. அப்போது எழுந்த அலைகளின் எச்சம் நாகப்பட்டினத்தின் கடல்மட்ட அளவியிலும் பதிவாயிற்று.

வெப்பப்புள்ளித் தீவுகள்

தட்டுகளின் எல்லையில் மட்டுமன்றி, நடுவிலும் எரிமலைத் தீவுகள் தோன்றுவதுண்டு. புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் இடைவிடாது மேலெழும் இடம் வெப்பப்புள்ளி எனப்படும். இந்தியப் பெருங்கடலிலுள்ள ஒரு வெப்பப்புள்ளியின் மீது தட்டுகள் நகர்ந்து சென்றதன் தடம் இன்றும் காணக்கிடைக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கரும்பாறைப் பரப்பும், பின்னர் இலட்சத்தீவு, மாலத்தீவுகளின் அடித்தளமும், அதன்பின் மொரீசியசும், இறுதியாக ரீயூனியனும் அதனால் உருவாயின. முதிர்ந்த எரிமலைகள் மெல்ல அமிழ, அவற்றின் மீது பவளம் வளர்ந்ததால் இலட்சத்தீவு தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்பு விளைவித்த மொரீசியசு, ரீயூனியன் மண், எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண்ணேயாகும்.

வெறும் பாறையில் உயிர்கள்

புதிய எரிமலைத் தீவில் தொடக்கத்தில் எவ்வுயிரும் இல்லை. கிரகதோவா வெடித்து ஒன்பது மாதங்கள் கழிந்து அங்குச் சென்ற ஆய்வாளர்கள் கண்ட ஒரே உயிர், ஒரு சிறு சிலந்தி. காற்றில் மிதந்து வந்த அச்சிலந்தியைத் தொடர்ந்து பெரணிகள் முளைத்தன. கடல் விதைகளைக் கொணர்ந்தது. பறவைகளும் வௌவால்களும் பழங்களின் வித்துகளைக் கொணர்ந்தன. காலப்போக்கில் காடு உருவாயிற்று.

இவ்வாறு வந்து சேர்ந்த உயிர்கள் நெடுங்காலம் தனித்து வாழும்போது புதிய இனங்களாக மாறுகின்றன. பாரன் தீவுக்கு வடக்கேயுள்ள நார்கொண்டாம், உறங்கும் எரிமலை. ஏறத்தாழ 7 சதுர கி.மீ. பரப்புடைய அத்தீவில் மட்டுமே நார்கொண்டாம் இருவாச்சி வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத இப்பறவையின் எண்ணிக்கை ஏறத்தாழ ஓராயிரமே. முதிர்ந்த மரப்பொந்தில் கூடு கட்டுவது இதன் இயல்பு. பழங்களை உண்டு விதைகளைப் பரப்பி, தான் வாழும் காட்டைத் தானே வளர்ப்பதும் இதுவே.

கடற்கண்காணிப்புக்காக அத்தீவில் ரேடார் நிலையம் அமைக்கக் கடலோரக் காவல்படை விரும்பியது. 2012-இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கு இசைய மறுத்தது. 2014-இல் இசைவு வழங்கப்பட்டது. நாட்டின் காவலும் இன்றியமையாதது. ஓர் இனத்தின் வாழ்வும் இன்றியமையாதது. பெருநிலத்தில் ஒரு காடு அழிந்தால் பறவை அடுத்த காட்டை நாடும். சிறு தீவில் அடுத்த காடு என்பதே இல்லை. எனவே, அங்கு வெட்டப்படும் ஒவ்வொரு மரத்திற்கும் முன்னரே கணக்குப் பார்த்தல் வேண்டும்.

எரிமலை அழித்த காட்டைக் காற்றும் கடலும் பறவையும் மீண்டும் உருவாக்கும். மீண்டும் வருவதற்கு விதையும் உயிரும் வேறிடத்தில் எஞ்சியிருப்பதால் அது இயலுகிறது. ஓரிடத்தில் மட்டுமே வாழும் இனம் அழிந்தாலோ, மீண்டு வர அதற்கு வேறிடம் இல்லை.