கட்சிக்குள் ஜனநாயகம் எங்கே?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "அங்கிள், என்.டி.ஆர். தாமே தொடங்கிய கட்சி அவரை எப்படி இறக்கியது?" 1995 ஆகஸ்டில் இந்நகரில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரிவாக எழுதுகிறேன்.

1978க்கும் 1983க்கும் இடையே ஆந்திரப் பிரதேசத்தில் காங்கிரஸ் முதலமைச்சர்களாக நால்வர் வந்து போயினர். யார் வருவது, யார் போவது என்பதைத் தில்லி மேலிடமே முடிவு செய்தது. இதை எதிர்த்து, தெலுங்கு மக்களின் சுயமரியாதையை முழக்கமாக்கி, 1982 மார்ச் 29 அன்று தெலுங்கு தேசம் பிறந்தது. ஒரே ஆண்டுக்குள் ஆட்சியையும் பிடித்தது.

ஆனால் மேலிடம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியதே தவிர, மறையவில்லை. 1989 பிப்ரவரியில் தம் அமைச்சர்கள் அனைவரையும் என்.டி.ஆர். ஒரேயடியாக நீக்கினார். ஏன் என்று கட்சிக்குள் கேட்க ஆளில்லை.

1994 டிசம்பரில் 294 தொகுதிகளில் 216ஐ வென்று அவர் மீண்டும் வந்தார். சில மாதங்களிலேயே, அவருடைய மனைவி லட்சுமி பார்வதியின் தலையீடு மிகுந்துவிட்டதாக எம்.எல்.ஏ.க்கள் குமுறினர். அந்தக் குறையைச் சொல்ல ஒரு சபை இல்லை. வாக்கெடுப்பு கேட்க வழியில்லை. ஆகவே மருமகன் சந்திரபாபு நாயுடுவின் பின்னால் திரண்டு, ஹுசேன் சாகர் அருகே வைஸ்ராய் ஹோட்டலில் தங்கினர். அங்கே வேனில் வந்த என்.டி.ஆர். மீது செருப்புகள் வீசப்பட்டன. செப்டம்பர் 1 அன்று நாயுடு முதல்வரானார். 1996 ஜனவரி 18 அன்று என்.டி.ஆர். காலமானார்.

யார் பக்கம் நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. வாசல் இல்லாத வீட்டில் சுவரை இடித்துத்தான் வெளியேற வேண்டியிருக்கும் என்பதே என் கருத்து. 1990 நவம்பரில் பிரிட்டனில் மூன்று தேர்தல்களை வென்ற மார்கரெட் தாட்சரைக் கூட அவர் கட்சி எம்.பி.க்கள் விதிப்படி நடந்த வாக்கெடுப்பில் அசைத்துவிட்டனர். 204க்கு 152 என்று முன்னணியில் இருந்தும், விதி கேட்ட வித்தியாசம் கிடைக்காததால் அவர் விலகினார். ஹோட்டல் தேவைப்படவில்லை.

நம் நாட்டில் தலைவரின் பிடி இவ்வளவு இறுகக் காரணங்கள் உண்டு. முதலாவது, 'பி' ஃபாரம். கட்சி அதிகாரம் பெற்றவர் அதில் கையெழுத்திட்டால்தான் வேட்பாளருக்குச் சின்னம் கிடைக்கும். அந்தக் கையெழுத்து தலைவரின் விருப்பப்படியே விழும். இரண்டாவது, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். விலை போவதைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால் கொறடா உத்தரவை மீறி மனச்சாட்சிப்படி வாக்களிப்பவரின் பதவியையும் அது பறித்துவிடும். முதலில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்றிருந்தது. 2003இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது.

பதிவு பெறும் கட்சிகள் ஜனநாயகத்தை ஏற்பதாக உறுதி தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் உட்கட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்காததற்காக ஒரு கட்சியின் பதிவை நீக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்குத் தரப்படவில்லை. ஆகவே பல கட்சிகளில் தேர்தல் என்பது 'போட்டியின்றித் தேர்வு' என்ற அறிவிப்போடு முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் கேட்ட இளைஞர் சிரித்தார். "நம் சங்கப் பொதுக்குழுவிலும் அப்படித்தானே அங்கிள்? போட்டியின்றித் தேர்வு என்றதும் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறோம்!"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு வேட்புமனு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.